மூன்று பேருக்கு ஒரு பிளான்

மார்ச் 3

என்னங்க,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனை வைத்த வேகத்தில் என் காது இன்னும் வலிக்கிறது. "இனிமே வீட்டைப் பத்திப் போன்ல பேச்சே வேணாம். எழுது. படிச்சிட்டுச் சொல்றேன்" என்றீர்கள். சரி, எழுதுகிறேன். எழுத்தில் ஒரு வசதி, யாரும் குறுக்கே பேச முடியாது.

வீட்டுக்காரர் நேற்றும் வந்தார். வருஷக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம், அவர் மகன் குடும்பத்தோடு வருகிறானாம். நாம் மனை வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அதில் புல்லும் எதிர்வீட்டுப் பூனையும்தான் குடியிருக்கின்றன. இனித் தள்ளிப்போட முடியாது, ஒரு ஆர்க்கிடெக்டைப் பிடித்தே ஆக வேண்டும்.

"வீடு முடிஞ்ச அன்னிக்கு இந்தப் பிழைப்பை விட்டுட்டு வந்துடுவேன்" என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறீர்கள்? மகளுக்கு ஒன்றரை வயதில் வெளிநாடு போய் அந்தத் துறைமுகக் கிரேனில் ஏறினீர்கள். அவளுக்கு இப்போது பதிமூன்று. நீங்கள் லீவில் வந்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது. நாம் மூன்று பேரும் சேர்ந்து இருக்கப்போகிற முதல் வீடு இது. அதனால்தான் எவர் கையிலாவது கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க என்னால் முடியவில்லை.

உங்கள் சூப்பர்வைசர் சொன்னாரே, எல்லா வீட்டுக்கும் கண்ணாடிச் சுவர் வைக்கிற ஆர்க்கிடெக்ட், அந்தக் கண்ணாடிக்காரர் கட்டிய வீடு ஒன்றைப் போய்ப் பார்த்தேன். நான் யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிற பள்ளியின் தலைமையாசிரியை வீடுதான். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் கூடத்தைப் பார்ப்பதில்லை, துடைப்பம் எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். கூடத்தை யார் வேண்டுமானாலும் அழகாக வரைவார்கள். துடைப்பத்துக்கு இடம் யோசித்தவர்தான் உள்ளே ஆட்கள் வாழப்போகிறார்கள் என்று யோசித்தவர். அங்கே துடைப்பம் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஈரத்துணி ஜன்னல் கம்பியில் தொங்கியது. அந்தப் பெரிய கண்ணாடிச் சுவர் முழுக்கப் பழைய படுக்கை விரிப்புகள். "வெயில் தாங்கலைங்க. போட்டோ எடுக்க வர்றாங்கன்னா மட்டும் கழட்டிடுவோம்" என்றார் அந்த அம்மா.

வீட்டு பிளான் போடுகிற உங்கள் சித்தப்பா மகன், நாம் 'அவசரம்' என்று பெயர் வைத்தோமே, அவரும் தினமும் தையல் கடைக்கு வந்து நிற்கிறார். "அண்ணி, ரெண்டே நாள்ல பிளான் போட்டுடறேன்" என்கிறார். ஒரு பாவாடை தைக்கவே எனக்கு இரண்டு நாள் ஆகிறது.

பதில் எழுதுங்கள். கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

இப்படிக்கு
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 14

தையல்காரிக்கு,

துடைப்பத்தை வைத்து ஆர்க்கிடெக்ட் தேடுகிற ஒருத்தியை உலகத்திலேயே நான் ஒருவன்தான் கட்டியிருக்கிறேன். உன் கடிதத்தை அறையில் இருக்கிற மூன்று பேருக்கும் படித்துக் காட்டினேன். மேல் கட்டில்காரன் சிரித்த சிரிப்பில் கட்டில் கழன்றுவிடும்போல் ஆடியது.

சூப்பர்வைசர் வீட்டுப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம், அப்படி ஒரு வீடு. கண்ணாடியைப் பற்றி எனக்கு நீ சொல்லாதே. நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தினமும் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். காலுக்குக் கீழேகூடக் கண்ணாடிதான். கீழே நடக்கிறவர்கள் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தெரிவார்கள். அவர்கள் பேசுவது கேட்காது. எனக்கு அது பழகிவிட்டது, பிடித்தும் இருக்கிறது.

கண்ணாடிக்காரரிடம் போய்ப் பேசு. பிடிக்கவில்லையென்றால் அவசரத்திடம் கொடுத்துவிடு. சொந்தக்காரன், ஏமாற்ற மாட்டான். எனக்கு வேண்டியது இரண்டுதான். நாலு பேர் வந்தால் உட்காருகிற மாதிரி பெரிய கூடம். மாடியில் எனக்கென்று ஓர் அறை, அதற்கு வெளியிலிருந்தே தனிப் படிக்கட்டு. இந்தப் படிக்கட்டில் மட்டும் நீ கை வைக்காதே.

மகள் போனில் "ம்", "சரி", "இல்ல" தவிர வேறு பேசுவதில்லை. படிப்பு அதிகமோ?

சீக்கிரம் முடிவு பண்ணு. எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை.

கிரேன்காரன்


மார்ச் 25

என்னங்க,

உங்கள் சொல்லைத் தட்டவில்லை, கண்ணாடிக்காரரிடம் போனேன். நாற்பது நிமிஷம் அவரே பேசினார். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "என்ன ஸ்டைல்ல வேணும்?" நான் யோசிப்பதற்குள் கம்ப்யூட்டரில் ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டினார். அதில் ஒரு குடும்பம் நடமாடியது. அந்தப் பெண் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு கையில் பழக்கூடையோடு நின்றாள். "இது யாருங்க?" என்றேன். "நீங்கதான் மேடம்" என்றார். வெள்ளைத் துணியில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு வீட்டு வேலை செய்கிற உத்தேசம் இல்லை என்று மட்டும் புரிந்தது.

அவசரம் சொன்னபடியே இரண்டே நாளில் பிளானோடு வந்துவிட்டார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூலையில் வேறு யாரோ ஒருவரின் முகவரி. "அழிக்க மறந்துட்டேன் அண்ணி" என்று நகத்தால் சுரண்டினார். நம்மிடம் ஒரு சைக்கிள்தான் இருக்கிறது, பிளானில் இரண்டு கார் நிற்கிறது.

இப்போது சிரிக்காமல் படியுங்கள். என் துடைப்பம் ஜெயித்துவிட்டது.

பல் டாக்டர் வீட்டுக்குத் திரைச்சீலை அளவெடுக்கப் போயிருந்தேன். சமையலறைக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு கதவு. திறந்தால் துடைப்பம், ஈரத்துணி, வாளி எல்லாம் வரிசையாகத் தொங்குகின்றன. ஈரம் காய்வதற்கு மேலே காற்றுப் போக ஓட்டை, கீழே தண்ணீர் போக வழி. வீட்டு வேலை செய்கிற அம்மா பெருமையாகச் சொன்னார்: "இதுக்குன்னே ஒரு கதவு வெச்சாங்கம்மா. டாக்டரைக் கேக்கல, என்னைத்தான் கேட்டாங்க. கை எட்டற உயரத்தைக்கூட டேப் வெச்சுப் பாத்துட்டுதான் கொக்கி அடிச்சாங்க."

வீட்டை வரைந்தது யார் என்று கேட்டு, முகவரி வாங்கிக்கொண்டு நேரே போய்விட்டேன். மருந்துக்கடைக்கு மேலே ஒரே அறை. நாற்பது வயதுப் பெண்மணி. கேள்வி மேல் கேள்வி. நான் எந்தக் கையால் துணி வெட்டுகிறேன், மகள் எங்கே உட்கார்ந்து படிக்கிறாள், கோபம் வந்தால் எந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறேன் என்று வரைக்கும் கேட்டார். நானும் மகளும் அவருக்குக் கேள்விக்காரி என்று பெயர் வைத்துவிட்டோம்.

அவர் உடனே வரைய மாட்டாராம். நீங்களும் நானும் தனித்தனியாக எழுதித் தர வேண்டுமாம். புது வீட்டில் ஒரு நாள், விழித்ததிலிருந்து படுக்கிற வரை. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாதாம். நீங்கள் உறையில் ஒட்டி அனுப்புங்கள், நான் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 5

தையல்காரிக்கு,

வீடு கட்டச் சொன்னால் கட்டுரைப் போட்டி வைக்கிறாள் உன் கேள்விக்காரி. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியது உனக்கு மட்டும்தான்.

இருந்தாலும் எழுதிவிட்டேன். நேற்று ஒரு கப்பல் மூன்று மணி நேரம் தாமதம். கேபினில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதினேன். எளிது என்று நினைத்தேன். பேனா அடிக்கடி நின்றது. ஒட்டிய உறை இதோடு இருக்கிறது. பிரித்துப் பார்க்காதே, சத்தியமாகக் கண்டுபிடித்துவிடுவேன்.

நீ என்ன எழுதினாய்? என்னை எத்தனை மணிக்கு எழுப்பிவிடுவதாக உத்தேசம்? கடைக்குத் தேநீர் கொண்டுவரச் சொல்வாய் என்று நினைக்கிறேன்.

கிரேன்காரன்


ஏப்ரல் 19

என்னங்க,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

கேள்விக்காரி இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் படித்தார். பிறகு, "இதுல ரெண்டு வீடு இருக்குங்க. நான் ஒண்ணுதான் கட்ட முடியும்" என்றார். படித்துப் பார்க்கச் சொன்னார். உங்களைக் கேட்காமல் படித்தேன். மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் எழுதியது: "4.40க்கு எழுந்திருப்பேன். குளியலறை காலியா என்று பார்ப்பேன். பெட்டியைப் பூட்டுவேன். தேநீர் நானே போட்டு நின்றபடி குடிப்பேன். மேலே போய் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பேன். மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போவேன். மாலையில் வெளியே போய்விட்டு வெளிப்படி வழியாக வருவேன். ஒன்பதுக்கு விளக்கை அணைப்பேன்."

அவ்வளவுதான். நான் இல்லை. அவளும் இல்லை. "இவர் மாடிக்கு வாடகைக்கு வர்றவரா?" என்று கேள்விக்காரி கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு முழு நாளை எழுதியதில் எங்களுக்கு அரை வரி இல்லையா?

உடனே அவர் என் தாளை என் பக்கம் திருப்பிக் கடைசி வரியில் விரலை வைத்தார். நான் எழுதியிருந்தேன்: "ஒன்பது மணிக்கு வெட்டு மேசையைத் துடைத்து வைத்துவிட்டு, அவர் போனுக்காக நானும் மகளும் கூடத்தில் உட்கார்ந்திருப்போம்."

"அவர்தான் வந்துட்டாரேம்மா. எங்கேருந்து போன் பண்றார்?" என்றார்.

எழுதும்போது எனக்கு அது உறைக்கவே இல்லை, உண்மையாகச் சொல்கிறேன். பக்கம் முழுக்கத் தேடினேன். காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை நீங்கள் எங்கேயும் இல்லை. புது வீட்டிலும் உங்களை நான் தூரத்தில்தான் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு வலது கை வெட்டிவிட்டேன்.

நாம் என்ன செய்வது?


ஏப்ரல் 30

உன் கடிதம் கிடைத்தது.

அவள் ஆர்க்கிடெக்டா, குடும்பப் பஞ்சாயத்து பண்ணுகிறவளா? ஒட்டிக் கொடுத்ததை உனக்குப் படிக்கக் கொடுத்தவளிடம் இனி ஒரு வார்த்தை வேண்டாம். நான் எத்தனை மணிக்குக் குளிக்கிறேன் என்பதிலிருந்து என் மனசைத் தோண்ட அவளுக்கு யார் உரிமை கொடுத்தது?

அவசரத்திடம் பேசிவிட்டேன். அவன் பிளானே போதும், கார் நிற்கிற இடத்தில் உன் மெஷினைப் போட்டுக்கொள். மே எட்டாம் தேதி மனையில் அளவு குறிக்க வருகிறான், இருபதாம் தேதி தோண்ட ஆரம்பிக்கிறான். வெளிப் படிக்கட்டு அப்படியே இருக்கும். இதற்கு மேல் பேச்சு இல்லை.


மே 9

என்னங்க,

அவசரம் நேற்று வந்தார். சுண்ணாம்புப் பொடியால் மனையில் கோடு போட்டார். இது கூடம், இது சமையலறை, இது அண்ணனோட படிக்கட்டு என்று புல்லின் மேல் நடந்து காட்டினார். மகள் பள்ளிப் பையோடு அங்கே வந்தாள். அந்தப் படிக்கட்டுக் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு என்னைக் கேட்டாள்: "அம்மா, அப்பா நம்ம வீட்டுக்கு வர்றாரா, இல்ல நம்ம மாடிக்கு வர்றாரா?"

அவசரத்திடம், "இன்னிக்கு இது போதும் தம்பி, நான் சொல்ற வரைக்கும் தோண்ட வேணாம்" என்றேன். அவர் முகம் சிறுத்துப்போயிற்று. நல்ல மனுஷன்தான், அவர் மேல் குறை இல்லை. அவர் போன பிறகு நான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கோடுகளை எல்லாம் கரைத்தேன். எதிர்வீட்டு அம்மா எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

நேராகவே கேட்கிறேன். உங்களுக்கு வர இஷ்டமா, இல்லையா? வருகிற ஒருவருக்கு எதற்குத் தனி வழி? பன்னிரண்டு வருஷமாக 'அடுத்த வருஷம்', 'வீடு முடிந்ததும்' என்று கேட்டுக்கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒரு கடையை நடத்துகிறேன், ஒரு பெண்ணை வளர்க்கிறேன், காய்ச்சலோ மழையோ எல்லாவற்றையும் தனியாகத்தான் பார்த்தேன். வீட்டையும் கட்டிவிடுவேன். ஆனால் எத்தனை பேருக்கு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதற்குப் பதில் வரும்வரை நான் போனை எடுக்கப்போவதில்லை.


மே 28

தையல்காரிக்கு,

மூன்று ஞாயிறு மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சரி. எழுதுகிறேன். நடுவில் நிறுத்தினால் முடிக்க மாட்டேன், அதனால் அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள்.

போன லீவு ஞாபகம் இருக்கிறதா? வந்த நாலாம் நாள் காலை. நீயும் மகளும் சமையலறையில் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் உள்ளே வந்தேன். நான் வந்ததும் இரண்டு பேரும் நிறுத்திவிட்டீர்கள். மகள் எழுந்து எனக்கு நாற்காலி போட்டாள். "என்ன வேணும்ப்பா?" என்று கேட்டாள். அவ்வளவு மரியாதை. ஒரு டம்ளர் எடுக்க நான் மூன்று அலமாரியைத் திறந்தேன். நீங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

அதற்கு அப்புறம் தினமும் "சிநேகிதனைப் பார்க்கப் போகிறேன்" என்று கிளம்பினேனே, எனக்கு அங்கே எந்தச் சிநேகிதனும் இல்லை. பேருந்து நிலையத்தில் மூன்றாவது பெஞ்சில் மாலை வரை உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். நான் இல்லாதபோது நீங்கள் சிரித்துக்கொள்ளட்டும் என்றுதான். வெளிப் படிக்கட்டும் அதற்காகத்தான். நான் வருவதும் போவதும் உங்களுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். உன்னைவிட்டுத் தள்ளி இருக்க அல்ல. நம்பினால் நம்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியிலேயே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் மறைத்தேன். வீடு முடிந்தாலும் வராமல் இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். முப்பது டன் பெட்டியை ஒரு விரற்கடை பிசகாமல் இறக்குவேன். அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை என்று தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுத இத்தனை நாள் ஆயிற்று.


ஜூன் 8

என்னங்க,

கையெழுத்து விஷயத்தைப் படித்ததும் உங்கள் கடிதத்தைக் கசக்கித் துணிக்கழிவுக் கூடையில் போட்டேன். வாடிக்கையாளர் ஒருவரிடம் காரணம் இல்லாமல் எரிந்து விழுந்தேன். மாலையில் கூடையைக் கொட்டித் தேடி எடுத்து, இஸ்திரி போட்டு மறுபடியும் படித்தேன். ஐந்து மாதம் என்னிடம் மறைத்திருக்கிறீர்கள். அதை இப்போதைக்கு மன்னிப்பதாக இல்லை.

ஆனால் அந்த மூன்றாவது பெஞ்சு என்னை விட மாட்டேன் என்கிறது. நேற்று அந்த வழியாகத்தான் பேருந்து பிடித்தேன். அந்தப் பெஞ்சில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தேன். முதுகு சாயக்கூட முடியாது. அங்கேயா பகல் முழுக்க உட்கார்ந்திருந்தீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? நாங்கள் அன்று சிரித்தது உங்களைப் பற்றித்தான் தெரியுமா? உங்கள் குறட்டையை அவள் அப்படியே செய்து காட்டினாள். உங்களிடம் செய்து காட்ட அவளுக்குக் கூச்சம்.

கேள்விக்காரியிடம் போனேன். உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை, கவலைப்படாதீர்கள். "அவர் லீவு எடுத்துட்டு வரட்டும், இப்ப இருக்கற வாடகை வீட்லயே இருக்கட்டும். விருந்தாளியா இல்லாம இருக்கட்டும். நான் வாரா வாரம் வந்து பாக்கறேன். அவர் எங்கே முட்டிக்கறாரோ அங்கேருந்துதான் எனக்குப் பிளான் ஆரம்பிக்கும்" என்றார். அவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. என் கடைக்கும் ஆளை அனுப்பாமல் பழைய அளவுச் சட்டையை மட்டும் அனுப்புகிறவர்கள் உண்டு. தைத்துக் கொடுத்தால் எங்கேயாவது பிடிக்கும். ஆள் மாறியிருப்பார், சட்டைக்குத் தெரியாது.

இவர்தான் நம் ஆர்க்கிடெக்ட். நான் முடிவு பண்ணிவிட்டேன். வீட்டுக்காரரிடம் கெஞ்சி மூன்று மாதம் கூடுதலாக வாங்கியிருக்கிறேன். நீங்கள் வாருங்கள். ஒப்பந்தத்தை முறிப்பதோ வைத்துக்கொள்வதோ உங்கள் பாடு. வரவில்லையென்றால், கீழே மட்டும், இரண்டு பேருக்கு வரையச் சொல்லிவிடுவேன். மிரட்டல் இல்லை. எனக்கும் எங்காவது ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார வேண்டும்.


ஜூன் 21

தையல்காரிக்கு,

நாற்பத்திரண்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. ஜூலை இருபது காலையில் வந்து இறங்குகிறேன். திரும்பும் டிக்கெட் ஆகஸ்ட் முப்பத்தொன்று.

ஒப்பந்தத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை. வருகிறேன். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

என் குறட்டை அவ்வளவு மோசமா?


ஆகஸ்ட் 14

என்னங்க,

உங்கள் இருவரையும் விட்டுவிட்டு இந்த ஊருக்கு ஓடி வந்தேனே, என் அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன் முடிந்தது. படியில் விழுந்தவள் எழுந்து நடக்க இன்னும் மூன்று வாரம் ஆகுமாம். அவளுக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே நானும் நடந்து நடந்து தரையைத் தேய்த்துவிட்டேன்.

நீங்கள் வந்து மூன்று வாரம் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தே களைத்துப்போனோம். "நீங்க குளிங்க", "இல்ல, நீ குளி", "பரவால்ல, அவ குளிக்கட்டும்." கேள்விக்காரி மூன்று முறை வந்து நோட்டைத் திறக்காமலே போனார். "எல்லாரும் நல்லா நடிக்கறீங்க" என்று வாசலில் என்னிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களிடம் சொல்லவில்லை.

இப்போது நீங்களும் அவளும் மட்டும் இருக்கிறீர்கள். அவளுக்குத் தேர்வு தொடங்குகிறது. முட்டையை நன்றாக வேகவைத்தால்தான் சாப்பிடுவாள். எதையும் உத்தரவாகச் சொல்லாதீர்கள், எதிராகத்தான் செய்வாள். போனில் கேட்டால் இருவரும் "நல்லா இருக்கோம்" என்கிறீர்கள். அது நம்புகிற மாதிரி இல்லை. எனக்கு எழுதுங்கள், எழுத்தில்தான் நீங்கள் பொய் சொல்வதில்லை.

முப்பத்தொன்றாம் தேதிக்குள் நான் திரும்ப முடியாது. நீங்கள் போகும்போது நான் இருக்க மாட்டேன். போவீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்க நினைத்து நினைத்துத்தான் இந்தப் பக்கமே நிறைந்தது.

உங்கள் வீட்டுக்காரி


செப்டம்பர் 1

தையல்காரிக்கு,

அக்கா வாக்கரில் நடப்பதாக மகள் சொன்னாள். நல்லது.

பொய் சொல்லாமல் எழுதுகிறேன். நாங்கள் நல்லாவே இல்லை. போன சனிக்கிழமை வழக்கம்போல் விடியும் முன்னே குளித்துவிட்டு, பின்பக்கக் குளியலறைக் கதவுக்கு என் பெட்டிப் பூட்டை மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கப் போய்விட்டேன். அங்கே தொழிலாளர் முகாமில் அப்படித்தான். பூட்டாவிட்டால் சோப்பிலிருந்து வாளி வரை காணாமல் போய்விடும். கை தானாகச் செய்துவிட்டது. எட்டு மணிக்கு அவளுக்குத் தேர்வு. நான் ஏழேகாலுக்குத்தான் திரும்பினேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இது உங்க கேம்ப் இல்லப்பா! உங்க சோப்பை யார் இங்க திருடப் போறா? எனக்கு லேட்டாயிடுச்சு!" என்று கத்தினாள்.

"அப்பாகிட்ட இப்படித்தான் கத்துவியா?" என்று நானும் கத்தினேன்.

"அப்பான்னா சாவியை வெச்சுட்டுப் போகணும்!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினாள். நான் உன்னைப்பற்றிக்கூட ஏதோ சொன்னேன், "எல்லாம் உங்கம்மா குடுத்த செல்லம்" என்று. பிறகு அவளைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மூச்சு வாங்க மிதித்தேன். பள்ளி வாசலில் இறங்கினவள், "அப்பா, சட்டையை மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள். பார்த்தால் உள்பக்கம் வெளியே. அவள் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். எதிரில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்து, நிறுத்தாமல் சிரித்தாள்.

திரும்பி வந்தால் கேள்விக்காரி நம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஓடிய அவசரத்தில் அவரைக் கவனிக்கவில்லை, சண்டையை முழுவதும் கேட்டுவிட்டாராம். நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார். "இப்பதான் மூணு பேர் இருக்கற வீடு மாதிரி இருக்கு" என்றார்.

பிளான் வளர்கிறது. குளியலறை இரண்டு. வெளிப் படிக்கட்டு வேண்டுமா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மகள், "இருக்கட்டும், எனக்கு யூஸ் ஆகும்" என்றாள். பதிமூன்று வயதுப் பெண்ணுக்குத் தனி வழியா! ஒரே போடாக வேண்டாம் என்றுவிட்டேன். அதற்கும் ஒரு சண்டை.

இன்னொரு விஷயம். வேலையை விடுவதாக எழுதிப் போன புதன்கிழமை அனுப்பிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. மனசு மாறிவிடுமோ என்று எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. டிக்கெட்டையும் ரத்து செய்யவில்லை. முப்பத்தொன்றாம் தேதி மாலை எனக்குக் கால் தரிக்காது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் ஓடிவிடுவேன் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

நேற்று அந்த நாள். மத்தியானம் கேள்விக்காரி வந்தார். உன் வெட்டு மேசைக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் வேண்டும் என்று எங்கள் மூவருக்கும் தகராறு. நீ இடது கையால் வெட்டுகிறவள், வலது பக்கம் ஜன்னல் வேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் கோட்டின் மேல் விழும் என்று நான் சொல்கிறேன். மகள் இல்லவே இல்லை என்கிறாள். கூடத்துத் தரையில் கட்டம் போட்டு, நாற்காலியை ஜன்னலாக வைத்து, அவளை நீயாக உட்காரவைத்து, டார்ச் அடித்துப் பார்த்தோம். நான்தான் ஜெயித்தேன். விளக்கு போடும்போது மகள், "இன்னிக்குத் தேதி என்னப்பா?" என்றாள். சொன்ன பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழரை. விமானம் ஐந்து இருபதுக்கு.

எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

நீ எப்போது வருகிறாய் என்று இவள் காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டாள். நான் கணக்கில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தேதியை எழுது, இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வருகிறோம்.